கால்வாய்க் கரையில் நடைவழி

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், லோரகே என்னும் மேட்டுநிலத்தில், நோரூஸ் என்று ஓர் இடம் உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 190 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்தை மலை என்று கூற இயலாது. கோதுமையும் சூரியகாந்தியும் விளையும் வயல்களுக்கு நடுவே நிலம் மெல்ல எழுந்து மெல்லத் தாழ்கிறது, அவ்வளவே. ஆயினும் அங்கு விழும் மழைத்துளிகளின் விதி விந்தையானது. மேற்கே உருளும் துளி அட்லாண்டிக் பெருங்கடலைச் சேரும். அதனருகே விழுந்து கிழக்கே உருளும் துளியோ மத்தியதரைக் கடலைச் சேரும். இந்த மேட்டைத் தாண்டிப் படகுகளைச் செலுத்த முடியுமாயின், ஸ்பெயின் நாட்டைச் சுற்றிச் செல்லும் நெடிய கடற்பயணம் வேண்டாவாம். பழங்காலம் தொட்டே அரசர் பலர் இதனைக் கனவு கண்டனர். ஆனால், மேட்டின் உச்சியில் கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வரும் என்னும் வினாவிற்கு ஒருவராலும் விடை கூற முடியவில்லை.

விடை கண்டவர் பொறியியல் கற்றவர் அல்லர். உப்புவரி தண்டும் அதிகாரியாகிய பியேர் போல் ரிக்கே என்பவர். பெசியே நகரில் பிறந்த அவர், தம் அலுவல் காரணமாக அந்நாட்டுப் பகுதிகளில் ஓயாது திரிந்தவர். நோரூஸுக்குச் சற்று அப்பால் உள்ள கருமலைத் தொடரில் சிற்றோடைகள் பல வற்றாது ஓடுவதை அவர் அறிந்திருந்தார். அவ்வோடைகளை மலைச்சரிவிலேயே மறித்து, வாய்க்கால் வெட்டி நோரூஸின் உச்சிக்குக் கொணர்ந்தால், நீர் அங்கிருந்து இருபுறமும் தானே பாயும் அன்றோ! அமைச்சர் கோல்பேரிடம் அவர் தம் திட்டத்தை விண்ணப்பித்தார். 1666-ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னர் ஆணை பிறப்பித்தார்.

பணி பதினைந்து ஆண்டுகள் நடந்தது. மிகுதியான காலத்தில் பன்னிரண்டாயிரம் பேர்வரை மண் வெட்டினர். அவர்களுள் பெண்களும் பலர். மழையால் வேலை நின்ற நாளுக்கும், நோயுற்றுக் கிடந்த நாளுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார். அக்காலத்தில் இது கேள்விப்படாத ஒன்று. சேன் பெரியோல் என்னுமிடத்தில் ஒரு பள்ளத்தாக்கையே அணையிட்டு அடைத்து, ஏறத்தாழ 60 இலட்சம் கன மீட்டர் நீரைத் தேக்கினர். அரசுப் பணம் போதாதபோது ரிக்கே தம் செல்வத்தை இட்டார். பின்னர்க் கடன் வாங்கினார். 1680-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வேலை முடியும் தறுவாயில், அவர் காலமானார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் கால்வாய் திறக்கப்பெற்றது. அவர் விட்டுச் சென்ற கடன் அடைபட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

துலூஸ் நகரில் தொடங்கி, ஸேத் துறைமுகத்தை அடுத்த உப்பங்கழியில் முடியும் இக்கால்வாயின் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இன்று இதற்கு மிதி கால்வாய் என்று பெயர். 'மிதி' என்னும் பிரெஞ்சுச் சொல் நண்பகலையும் தென்திசையையும் குறிக்கும். நடப்போர் நாடிச் செல்லும் இக்கால்வாயின் பெயர் தமிழ்ச் செவிக்கும் பொருத்தமாக ஒலிப்பது வியப்பே.

கால்வாயில் படகு மேடேறுவது எவ்வாறு? அதற்கு 'லாக்' எனப்படும் அடைப்புத் தொட்டிகள் உள்ளன. தொட்டியின் இருபுறமும் பெருங்கதவுகள் இருக்கும். படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவை மூடுவர். மேற்கதவில் உள்ள சிறு மடையைத் திறந்து நீர் விடுவர். நீர் உயர உயரப் படகும் உயரும். மேல்நீரோடு மட்டம் ஒத்ததும் மேற்கதவு திறக்கும். நேர்ச்சுவர்களோடு கட்டிய முதல் தொட்டிகளுள் ஒன்றின் சுவர் மண்ணின் நெருக்குதலால் இடிந்து விழவே, ரிக்கே சுவர்களை வெளிப்புறம் வளைத்து முட்டை வடிவில் கட்டுவித்தார். கவிழ்த்து வைத்த வில்வளைவு பாரத்தைத் தாங்குவதுபோல அவ்வளைசுவர் மண்ணின் நெருக்குதலைத் தாங்குகிறது. பெசியே நகருக்கு அருகே ஃபோன்செரான் என்னுமிடத்தில் இத்தகைய தொட்டிகள் எட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுபோல் அமைந்து, 21 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைக் கடக்கின்றன.

நடைவழி தோன்றிய வரலாறு இனி. காற்றில்லாத கால்வாயில் பாய் பயன்படாது. ஆகவே கரையில் குதிரை நடந்து கயிற்றால் படகை இழுத்தது. குதிரை தடையின்றி நடக்க வேண்டுமாயின் பாதை நீரை ஒட்டியே செல்லவேண்டும். பாலத்தின் அடியிலும் அறாது தொடர வேண்டும். செங்குத்தான ஏற்றம் கூடாது. குதிரைக்காக வகுத்த இந்த இலக்கணம், பிற்காலத்தில் மனிதனின் கால்களுக்கு அப்படியே பொருந்திவிட்டது. துலூஸிலிருந்து கடற்கரைக்கு அஞ்சற்படகில் செல்ல நான்கு நாட்கள் ஆயின. அடுக்குத் தொட்டிகள் உள்ள இடங்களில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பயணிகள் இறங்கி நடந்து, மேலே காத்திருக்கும் வேறு படகில் ஏறுவார்களாம்.

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன், 1787-ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வழியே சென்றார். தம் வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, வண்டியைப் படகின்மேல் ஏற்றி அதனுள் அமர்ந்து சென்றார். விரும்பியபோது இறங்கிக் கரையில் நடந்தார். கரையோர மரங்களில் பாடிய இராப்பாடிப் பறவைகளின் இசையைப் பற்றித் தம் மகளுக்கு அவர் மடல் எழுதினார். படகு நடையின் வேகத்தில் சென்றதால்தான் இவ்வின்பம் வாய்த்தது போலும்.

1857-ஆம் ஆண்டில் போர்தோ நகரிலிருந்து ஸேத் வரை இருப்புப்பாதை முடிவுற்றது. மறு ஆண்டே கால்வாய், அதற்குப் போட்டியான இரயில் கும்பினியாரிடமே நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது! ஆட்டை ஓநாயிடம் ஒப்படைத்தது போன்ற அச்செயலின் விளைவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பின்னர்க் குதிரைகள் போய்ப் பொறிப்படகுகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சரக்குப் படகுகளும் மறைந்தன. இழுப்பதற்கு ஒன்றுமில்லாத இழுவைப் பாதை எஞ்சியது.

அப்பாதைக்கு மறுவாழ்வு அளித்தவர்கள் நடையர்களே. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சுத் தொழிலாளர்க்கு ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையை வழங்கியது. 1947-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நெடுநடைப் பாதைகள் வகுக்கப்பட்டன. மரத்திலோ கல்லிலோ வெள்ளைக்கோடு ஒன்றும் அதன்கீழ்ச் சிவப்புக்கோடு ஒன்றும் தீட்டியிருந்தால் வழி சரி. இரு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொண்டால் வழி தவறு. எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய எழுத்து இது. கால்வாய்க் கரையிலோ இக்குறியும் வேண்டுவதில்லை, நீரே வழிகாட்டி. ஒவ்வோர் அடைப்புக் காவலர் வீட்டுச் சுவரிலும் முந்திய அடைப்பும் அடுத்த அடைப்பும் எவ்வளவு தொலைவு என்று பலகை கூறும்.

இவ்வழியில் நடப்போர் அனைவரும் விரும்புவது பெசியேக்கு மேற்கே உள்ள பகுதி. அங்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர் தொலைவுக்கு அடைப்பே இல்லை. மட்டம் குலையாதிருக்கும் பொருட்டுக் கால்வாய் குன்றுகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து செல்கிறது. வலப்புறம் கண்ட ஊர்க்கோபுரம் சிறிது நேரத்தில் எதிரே நிற்கும். பின்னர் முதுகுப்புறம் போய்விடும். வளைவின்றிச் செல்ல விரும்புவோர்க்கு இக்கரை ஏற்றதன்று.

அவ்வளைவுகளின் முடிவில் என்செரூன் குன்று குறுக்கிடுகிறது. சுற்றிச் செல்ல வழியில்லை. மணற்பாங்கான பாறை சரியக்கூடும் என்று பலர் அஞ்சினர். பணியை நிறுத்துமாறு மேலிடத்துக் கட்டளையும் வந்தது என்பர். ரிக்கே அதனைப் பொருட்படுத்தாமல் குன்றைக் குடைவித்தார். 1679-ஆம் ஆண்டில் அமைந்த அம்மல்பாஸ் குகைவழி, உலகிலேயே படகுகளுக்கென வெட்டிய முதற் குகைக் கால்வாய் என்று போற்றப்படுகிறது. அதன் அடியில் இரயில் குகை ஒன்று ஓடுகிறது. அதற்கும் அடியில், மோந்தாடி என்னும் சதுப்பேரியை வடிப்பதற்காகப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோண்டிய நீர்க்குகை உள்ளது. நடையர் இங்குக் கரையை விட்டுச் சிறிது நேரம் குன்றேறுவது வழக்கம். உச்சியில் உரோமருக்கும் முற்பட்ட ஊரின் இடிபாடுகள் கிடக்கின்றன. கீழே நோக்கினால், வற்றிய ஏரி வண்டிச் சக்கரம்போல் தோன்றும். நடுவிலிருந்து ஆரக்கால்களாக ஓடுபவை வடிகால்கள், ஆரக்கால்களின் இடைவெளிகள் வயல்கள்.

இக்கரையின் பெருஞ்செல்வம் நிழலாக இருந்தது. முன்பு முசுக்கட்டையும் நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரங்களும் நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளேன் மரங்களை நட்டனர். அவற்றின் வேர் கரையை இறுகப் பற்றியது. கிளைகள் கால்வாய்க்கு மேல் கூரையாயின. அந்நிழல் நீர் ஆவியாவதையும் குறைத்தது. 42,000 பிளேன் மரங்கள் இரு வரிசையாய் நின்ற அக்கரையை, 1996-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

பத்து ஆண்டுகள் கழிந்து, 2006-இல், அம்மரங்களில் ஒரு கொடிய பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளோடு வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையில் ஒளிந்து அந்நோய் பிரான்சிற்குள் நுழைந்தது என்று கருதுகின்றனர். படகின் பக்கம் உரசிய வேரிலும், கட்டிய கயிறு தேய்த்த பட்டையிலும் அது புகுகிறது, நீரோடும் பரவுகிறது. தொற்றிய மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும், அதற்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தை மட்டுமன்றி, அதனருகே நலமாக நிற்பனவற்றையும் வெட்டி, நின்ற இடத்திலேயே எரிக்க வேண்டியதாயிற்று. 20,000-க்கும் மேற்பட்ட மரங்கள் இவ்வாறு அழிந்தன. முன்னே நாளெல்லாம் குளிர்ந்த நிழலில் நடந்த இடங்களில், இப்போது கோடை வெயிலும் தென்கிழக்கிலிருந்து வீசும் ஓத்தான் காற்றும் நடையரை நேரே தாக்குகின்றன.

ஒரே இனத்தை நட்டதால் வந்த இழப்பு என்பதை உணர்ந்து, இம்முறை பலவகை மரங்களைக் கலந்து நட்டு வருகின்றனர். ஓக்கு வகைகளும் நோயைத் தாங்கும் புதிய பிளேன் வகையும் அவற்றுள் உண்டு. இளங்கன்றுகள் முளைக்கோல்களோடு கட்டுண்டு நிற்கின்றன; இரு கரைகளின் கிளைகளும் மீண்டும் ஒன்றையொன்று தொட இன்னும் பல பத்தாண்டுகள் செல்லும். படகோட்டிகள் மரத்தில் கயிறு கட்டுதல் இன்று தடை செய்யப்பட்டுள்ளது. கரையில் இரும்பு முளைகளை அடித்து, அவற்றில் கட்டுகின்றனர்.