பழைய டிராக்டரைப் புதுப்பித்தல்: பற்சக்கரப் பெட்டியை அறியும் முறை

வேளாண்மைப் பள்ளிகளின் கொட்டகைகளிலும், தொழிற்பயிற்சி நிலையங்களின் முற்றங்களிலும், விவசாயிகளின் களத்து மேடுகளிலும் ஓடாமல் நிற்கும் பழைய டிராக்டர்களை நம் நாட்டின் பல பாகங்களில் காணலாம். அவற்றை மீண்டும் உழைக்கச் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்கி வண்ணப்பூச்சில் முடித்துவிடுகின்றனர். எஞ்சினுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே உள்ள பற்சக்கரப் பெட்டி போதிய கவனம் பெறுவதில்லை. எஞ்சின் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும், நஷ்டம் அவ்வளவே. ஆனால் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் அமைப்பு இன்னதென்று அறியாமல் வண்டியை ஓட்டினால், கால்வாய்க் கரையின் சரிவில் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஆகவே, பழைய டிராக்டரின் பற்சக்கரப் பெட்டியை எவ்வாறு இனங்கண்டு சோதித்துச் செப்பனிடுவது என்பதைக் களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு டிராக்டர்

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட டிராக்டரை எடுத்துக்கொள்வது நலம். ஹாரி பெர்குஸன் வடிவமைத்த டி.இ. 20 என்னும் டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. அதனை அடுத்து 1956-இல் வெளிவந்தது 35 என்னும் மாதிரி. இதுவே பின்னர் மாஸி பெர்குஸன் 35 எனப் பெயர் பெற்றது. 1960-இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி பெர்குஸன் டிராக்டர்களை இந்தியாவில் தயாரிக்கலாயிற்று. ஆதலின் இக்குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகளை நம் நாட்டு மெக்கானிக்குகள் பலர் நன்கு அறிவர். மற்ற நிறுவனங்களின் பழைய டிராக்டர்களுக்கும் இங்குக் கூறப்படும் தத்துவங்கள் பெரும்பாலும் பொருந்தும்.

சக்தி செல்லும் வழி

எஞ்சினின் சுழற்சி முதலில் கிளட்சையும், பின்னர் பற்சக்கரப் பெட்டியையும், அதன்பின் டிஃபரன்ஷியலையும் கடந்து பின்சக்கரங்களை அடைகிறது. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதே பற்சக்கரப் பெட்டியின் முக்கிய வேலை.

டி.இ. 20-இல் நான்கு முன்கியர்களும் ஒரு பின்கியரும் உண்டு. அதன் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழலும். அவற்றுள் வேண்டியதைத் தண்டுடன் இணைப்பதே கியர் மாற்றுதலாகும். 35-இன் சாதாரணப் பெட்டியிலோ பற்சக்கரங்கள் தண்டின்மேல் நகர்ந்து வந்து பொருந்துகின்றன. வண்டி நின்றிருக்கும்போதே இவற்றை மாற்ற வேண்டும். ஓடும்போது திணித்தால் பற்களின் முனைகள் நொறுங்கும்.

35-இன் பெட்டியில் மூன்று முன்கியர்களும் ஒரு பின்கியரும் மட்டுமே உள்ளன. எனினும் அந்த வண்டிக்கு ஆறு முன்வேகங்களும் இரண்டு பின்வேகங்களும் கிடைக்கின்றன. பெட்டியின் பின்புறத்தில் உள்ள கோள்சக்கர அமைப்பே இதற்குக் காரணம். நடுவில் ஒரு சூரியச் சக்கரம். அதனைச் சுற்றிச் சிறு கோள்சக்கரங்கள். அவற்றுக்கு வெளியே அசையாத ஒரு வளையச் சக்கரம். சூரியச் சக்கரம் சுழலும்போது, கோள்சக்கரங்கள் வளையத்தின் உட்பற்களில் ஊர்ந்து, தம்மைத் தாங்கும் சட்டத்தை மெதுவாகச் சுழற்றுகின்றன.

இதன் கணக்கை மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம். வளையத்தின் பற்களைச் சூரியச் சக்கரத்தின் பற்களால் வகுத்து, வரும் எண்ணுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். வளையத்தின் பற்கள் மூன்று மடங்கானால் விடை நான்கு. அதாவது வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். உராய்வினால் ஏற்படும் சிறு இழப்பு நீங்கலாக, சுழற்றும் விசை நான்கு மடங்காகும். மாஸி பெர்குஸன் 35-இன் குறை வேகத் தொகுதி இத்தகையதே. உயர் வேகத் தொகுதியில் இவ்வமைப்பு விலக்கப்பட்டுத் தண்டுகள் நேராக இணைகின்றன. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. ஒன்றை இரண்டால் பெருக்கினால் இரண்டு.

கிளட்ச் ஒன்றா, இரண்டா?

பழைய டிராக்டரில் அடுத்து அறிய வேண்டியது கிளட்சின் வகை. டி.இ. 20-இல் ஒரே கிளட்ச்தான். மிதியை அழுத்தினால் வண்டியும் நிற்கும். பின்புறம் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு எஞ்சினிலிருந்து வரும் சக்தியும் நிற்கும். இதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. கனமான புல்வெட்டும் கருவி ஒருமுறை வேகம் பெற்றுவிட்டால், கிளட்சை அழுத்திய பின்னும் அது தன் சுழற்சியைப் பற்சக்கரங்களின் வழியே திருப்பி அனுப்பி வண்டியை முன்னே தள்ளும். இதைத் தடுக்கப் பி.டி.ஓ. தண்டில் ஒருவழி இணைப்பு ஒன்றைப் பொருத்துவது அவசியம்.

35-இல் இரட்டைக் கிளட்ச் கொண்ட வண்டிகளும் உண்டு. மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரங்களுக்குச் செல்லும் சக்தி நிற்கும். முழுதும் அழுத்தினால்தான் பி.டி.ஓ. நிற்கும். கதிரடிக்கும் யந்திரம் போன்றவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் செலவைக் குறைக்க எண்ணி ஒற்றைக் கிளட்சைப் பொருத்துவோர், அவ்வண்டியின் பாதி உபயோகத்தை இழக்கின்றனர்.

ஓடும்போதே வேகம் மாற்றும் அமைப்பு

1950-களில் வண்டியை நிறுத்தாமலே வேகத்தை மாற்றும் ஏற்பாடுகள் தோன்றலாயின. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1954-இல் டார்க் ஆம்ப்ளிஃபயர் என்னும் அமைப்பையும், ஃபோர்டு நிறுவனம் 1959-இல் பத்து முன்வேகங்கள் கொண்ட செலக்ட்-ஓ-ஸ்பீடு பெட்டியையும் வெளியிட்டன. மாஸி பெர்குஸன் நிறுவனத்தின் மல்ட்டி-பவர் அமைப்பு 1962-இல் வந்தது. இது ஆறு முன்வேகங்களைப் பன்னிரண்டாகவும், இரண்டு பின்வேகங்களை நான்காகவும் பெருக்கிற்று.

மல்ட்டி-பவரின் உயர்நிலையில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு கிளட்ச் சக்தியைக் கடத்துகிறது. தாழ்நிலையில் அவ்வேலையைச் செய்வது ஒருவழி இணைப்பு. சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலை இதற்கு உவமையாகக் கூறலாம். மிதிப்பவர் சக்கரத்தைச் சுழற்றலாம். சக்கரம் மிதியைச் சுழற்றாது. அவ்வாறே, தாழ்நிலையில் எஞ்சின் சக்கரங்களை இழுக்குமேயன்றி, இறக்கத்தில் வேகம் கொள்ளும் சக்கரங்களை எஞ்சினால் தடுக்க இயலாது. கரும்பேற்றிய டிரெய்லருடன் சரிவில் இறங்கும் ஓட்டுநர், வேகத்தைக் குறைப்பதாக எண்ணித் தாழ்நிலைக்கு மாற்றினால், வண்டி கட்டற்று ஓடத் தொடங்கும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. எஞ்சின் நின்றவுடன் எண்ணெய் அழுத்தமும் நின்றுவிடும். அமைப்பு தானே தாழ்நிலைக்கு வந்துவிடும். ஆகவே இத்தகைய வண்டியை முன்கியரில் போட்டுச் சரிவில் நிறுத்திவிட்டுச் சென்றால், அது இறக்கத்தில் முன்னோக்கி உருளக்கூடும். பிரேக்கைப் பூட்டிச் சக்கரத்துக்குக் கட்டையும் வைத்தல் வேண்டும்.

திறப்பதற்கு முன்

முதலில் வரிசை எண் தகட்டைப் படித்து, மாதிரியையும் பெட்டியின் வகையையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னர் எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். கியர் நெம்புகோலின் அடியிலுள்ள கிழிந்த ரப்பர் உறை வழியே மழைநீர் இறங்குவது இதற்கு வழக்கமான காரணம். சாம்பல் நிறக் குழம்பு நெடுநாளைய தேய்மானத்தைக் காட்டும். உலோகத் துணுக்குகள் உடைந்த பற்களைக் காட்டும். இந்த டிராக்டர்களில் பற்சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் ஒரே எண்ணெய்தான். ஆதலின் பெட்டியின் துணுக்கு பம்பையும் கெடுக்கும்.

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் மேலும் சில சோதனைகள் செய்யலாம். கிளட்சை முழுதும் அழுத்திச் சில வினாடிகள் பொறுத்துப் பின்கியருக்கு மாற்றும்போது கரகரவென்ற ஒலி எழுந்தால், குறை பெரும்பாலும் கிளட்சில் உள்ளது. பளு ஏறும்போது கியர் தானாகக் கழன்றால், நெம்புகோலை நிலைநிறுத்தும் ஸ்பிரிங், நகர்த்தும் கவை, பற்களின் முனை ஆகிய மூன்றையும் அந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

பிரித்தலும் பார்த்தலும்

இவ்வகை டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், பெட்டி, பின் அச்சுக்கூடு ஆகியவை ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. ஆகவே பிரிக்கும்போது இரு பகுதிகளையும் தனித்தனியே உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். முன் அச்சு நடுவில் அசையும் தன்மையுடையது. அதன் இருபுறமும் மர ஆப்புகளை இறுக்காவிட்டால் எஞ்சின் பக்கவாட்டில் சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் செல்லக் கூடாது.

திறந்தபின், நகரும் பற்சக்கரங்களின் முனைகள் உருண்டு தேய்ந்துள்ளனவா, பேரிங்குகள் சுழலும்போது ஒலிக்கின்றனவா, கோள்சக்கரங்களின் ஊசிகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு எண்ணெய் சீல்களைப் புதியனவாக மாற்றிவிடுதலே சிக்கனம். அவற்றின் விலை, மறுமுறை பிரிக்கும் கூலியைவிட மிகக் குறைவு. பொருந்திச் சுழலும் இரு சக்கரங்களுள் ஒன்று பெரிதும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல் புதிய பல்லையும் விரைவில் தேய்த்துவிடும்.

எதைத் தெரிந்தெடுப்பது?

பெட்டியை மாற்ற நேர்ந்தால் எவ்வகையைப் பொருத்துவது என்ற கேள்வி எழும். வண்டியின் பணியே இதற்கு விடை கூறும். உழவும் சிறு போக்குவரத்துமே பணியானால், ஆறு வேகப் பெட்டி போதும். அது எளியது, கிராமப் பட்டறையிலேயே செப்பனிடத் தக்கது. பி.டி.ஓ. கருவிகள் மிகுதியானால் இரட்டைக் கிளட்ச் அவசியம். மண்ணின் தன்மை அடிக்கடி மாறும் பரந்த நிலங்களில் மல்ட்டி-பவர் பயன் தரும். மலைச்சரிவிலும், பாரமிழுக்கும் பாதையிலும் அதனை நன்கறிந்தவரே ஓட்ட வேண்டும்.

பயிற்சி நிலையங்களில் நிற்கும் பழைய டிராக்டருக்கு மற்றொரு பணியும் உண்டு. அதன் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, தண்டைக் கையால் சுழற்றிக் காட்டினால், பாடநூலின் பல பக்கங்களை மாணவர் ஒரு நாழிகையில் அறிந்துகொள்வர். வண்ணம் பூசும் வேலையை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.