மரணத்தைப் பாடிய காஞ்சி மன்னர்

காஞ்சீபுரம் என்றதும் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் அரசாண்ட ஒருவர், சாவை நேருக்கு நேர் பார்த்துப் பாடல்கள் பாடியிருக்கிறார்!

அவர் பெயர் ஐயடிகள் காடவர்கோன். பல்லவ மன்னர், 63 நாயன்மார்களில் ஒருவர். சுந்தரரே இவரைப் பாடியிருக்கிறார். ஆகவே இவர் வாழ்ந்து சுமார் 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

மகனுக்கு முடிசூட்டினார்

இவருடைய கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார். நாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அரசாட்சி மன்னருக்குத் துன்பமாகப் பட்டது. மகனுக்கு முடிசூட்டிவிட்டுப் புறப்பட்டார். கோயில் கோயிலாகச் சென்றார். தலத்துக்கு ஒரு வெண்பா பாடினார்.

அவற்றில் 24 பாடல்கள் கிடைத்துள்ளன. "சேத்திரத் திருவெண்பா" என்று பெயர். பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலே வரி.

"எடுங்கள்!"

மன்னர் பூசி மெழுகவில்லை. சாவு வீட்டை அப்படியே காட்டுகிறார். உடம்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். துடிப்பு இல்லை. "பிணம்" என்று பெயர் வைத்துக் கட்டி, "எடுங்கள்" என்கிறார்கள். அதற்கு முன்பே நெடுங்களத்து இறைவனை நினை என்று தம் நெஞ்சுக்குச் சொல்கிறார்.

இன்னொரு பாட்டில் ஒரு கிழவர். குனிந்து கோலூன்றி நடக்கிறார்; இருமுகிறார். "ஐ" என்றால் கோழை. அந்தக் கோழை ஆறாக வாய்வழியே வருமுன், "ஐயாறு" என்று அந்த வாயால் கூப்பிடு என்கிறார். திருவையாற்றின் பெயரை வைத்தே ஒரு சிலேடை! சாவைப் பேசும்போதும் மன்னருக்குக் குறும்பு போகவில்லை.

தில்லை, ஆரூர், மயிலை மட்டுமல்ல. வடக்கே உஜ்ஜயினி மாகாளத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. ஊருக்கு உபதேசம் செய்யாமல், தம் நெஞ்சிடமே பேசுவதுதான் இவற்றின் சிறப்பு.

அமெரிக்காவிலும்

கடல் கடந்த அமெரிக்காவிலும் இப்படிப் பாடல்கள் உண்டு. "சேக்ரட் ஹார்ப்" என்ற கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகம் 1844-ல் வெளிவந்தது. மரணமும் மறுமையும் அதில் அடிக்கடி வரும். பாமரரும் படிக்க, சுரங்களை முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்ற வடிவங்களில் அச்சிட்டார்கள். பாடுகிறவர்கள் நாலு பக்கமும் சதுரமாக, எதிரெதிரே உட்காருவார்கள். முதலில் சுரம், பிறகு சொல். கச்சேரி போல ரசிகர்களுக்காக அல்ல, தங்களுக்காகவே பாடுகிறார்கள். இன்றும் இந்த வழக்கம் இருக்கிறது.

காஞ்சி மன்னருடைய குருபூசை ஐப்பசி மாத மூல நட்சத்திரத்தில் வருகிறது.