பயற்றங்கொடியில் ஒரு பச்சை விருந்தாளி

இணுவிற் பக்கத்துத் தோட்டமொன்றிலே, பயற்றங்காய்ப் பந்தலின்கீழ் அண்மையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். தோட்டக்காரப் பெரியவர் இலையைப் புரட்டி, இலையோடு இலையாய் ஒட்டியிருந்த பச்சைப் பூச்சியொன்றைக் காட்டினார். நான் கைநீட்டவே, "தொடாதையும் தம்பி, பொழுதுபடுமட்டும் கை மணக்கும்" என்றார். அதற்குள் தொட்டுவிட்டேன். கசக்கிய கொத்தமல்லியிலையின் நெடி பன்மடங்கானாற் போன்ற நாற்றம்! இது வெறும் உவமையன்று. அல்டிகைட்டு என்னும் ஓரினப் பொருள்களே இரண்டிலும் உள.

பச்சை நாவாய்ப்பூச்சி எனப்படும் இதனை 1758இல் லின்னேயசு என்னும் சுவீடன் அறிஞர், நம் கட்டிலில் வாழும் மூட்டைப்பூச்சியோடு ஒரே பேரினத்தில் வைத்தார். இன்று அதன் பெயர் நெசாரா விரிடுலா. இதன் பூர்வீகம் கிழக்காபிரிக்காவோ மத்தியதரைக் கடற்கரையோ என்பர். எப்படியாயினும் வெப்பநாடுகளெங்கும் குடியேறிவிட்டது. 2003இல் இலண்டனிலும் குஞ்சு பொரித்தது. குளிர்நாட்டில் மாரிகாலத்தில் உடல் பழுப்பாகி உறங்கி, வசந்தத்தில் மீண்டும் பச்சையாகும். நம்மூரில் அந்த வேலை அதற்கில்லை.

அடையாளம் காண்பது எப்படி? அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட கேடய வடிவம். முதுகின் நடுவிலுள்ள முக்கோணத் தகட்டின் மேல்விளிம்பில் மூன்று வெண்புள்ளிகள் வரிசையாக இருக்கும். இரு மூலையிலும் ஒவ்வொரு கரும்புள்ளி. எலுமிச்சையின மரங்களிற் காணும் இன்னொரு பச்சைப் பூச்சிக்குத் தோள் முள்ளாய் நீண்டிருக்கும். இதற்குத் தோள் மழுங்கியது. தலையும் தோளும் மட்டும் மஞ்சளான வகையும் உண்டு. அது வேறினமன்று.

முப்பதுக்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் இது உண்ணும். பயற்றை, உழுந்து, பயறு முதலியவற்றிலேதான் பெருவிருப்பம். தக்காளி, வெண்டி, எள்ளு, நெற்கதிர் எதனையும் ஒதுக்காது. வரம்பிலுள்ள கிலுகிலுப்பையும் வேளையும் அதற்குத் தங்குமடங்கள். ஊசிபோன்ற வாயாற் குத்திப் பிஞ்சு விதையை உறிஞ்ச, விதை சூம்பிவிடும். தக்காளியிலோ தோலின்கீழ் வெளிறிய தழும்பு விழும்.

பெரியவர் பிழைவிட்ட இடம் இனித்தான் வருகின்றது. இலைக்கடியில் வெண்புள்ளியிட்ட கரிய சிறுபூச்சிகள் கூட்டமாயிருந்தன. "இது நல்ல பூச்சி, பொறிவண்டு" என்று விட்டுவைத்திருந்தார். அவை பச்சைப் பூச்சியின் குஞ்சுகளே! ஐந்து முறை தோலுரித்த பின்னரே தாயின் உருவம் வரும்.

அடுத்து, அறுகோணமாய் அடுக்கிய முட்டைகள் இரண்டு இலைகளில் இருந்தன. ஒரு கூட்டம் இளஞ்சிவப்பு, மற்றது கருமை. கறுத்ததையே விஷமென்று நசுக்கப் போனார். தடுத்தேன். நல்ல முட்டை வெண்மஞ்சளாயிருந்து பொரிக்குமுன் சிவக்கும். கறுத்த முட்டைக்குள் வளர்வது நுண்ணிய குளவியொன்றின் குஞ்சு. அத்தகைய குளவியை எகிப்திலிருந்து வரவழைத்து 1933இல் அவுஸ்திரேலியாவில் விட்டார்கள். நமக்கோ அது கூலியின்றி உழைக்கின்றது. கண்டபடி நஞ்சு தெளித்தால் முதலில் மடிவதும் அதுவே.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின் சிவந்த முட்டையிலையைக் கிள்ளிக் காலால் மிதித்தார். கறுத்ததைக் கொடியிலேயே விட்டார்.