வராத காரை அளந்தவர்கள்

2016 மார்ச் 31 அன்று டெஸ்லா ஷோரூம் வாசல்களில் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். அவர்கள் வாங்க வந்த மாடல் 3 காரை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவின் ஹாதார்ன் நகரில் அன்று இரவுதான் அறிமுக விழா. இருந்தும் ஆளுக்கு 1,000 டாலர் முன்பணம் கட்டினார்கள். கேட்டால் திருப்பித் தருவார்கள் என்பது ஒரு தைரியம். இரவு மேடையேறிய ஈலான் மஸ்க், 24 மணி நேரத்தில் 1,15,000 பேர் பதிவு செய்திருப்பதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் அது 3,25,000 ஆனது. பதிவு செய்தவர்களில் இந்தியர்களும் உண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 66,000 ரூபாய்.

மேடையில் சொன்னது கொஞ்சம்தான். விலை 35,000 டாலர். ஒரு சார்ஜில் குறைந்தது 215 மைல், அதாவது 346 கிலோமீட்டர். பூஜ்ஜியத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்துக்கு ஆறு விநாடிக்குள். ஐந்து பேர் உட்காரலாம். பேட்டரி எவ்வளவு பெரிது, மோட்டார் என்ன வகை என்று எதுவும் கிடையாது. முதல் 30 கார்கள் 2017 ஜூலை 28 அன்று கைமாறின. இடையில் பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதமும் உலகம் முழுக்க ஆர்வலர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இப்படிப்பட்ட பழைய ஊகங்களை, விடை தெரிந்தபின் எடுத்துச் சரிபார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. மாடல் 3 அதற்கு அருமையான உதாரணம். எந்த மாதிரி ஊகம் பலிக்கும், எது பலிக்காது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது.

முதலில் பேட்டரி. அது எத்தனை யூனிட் என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. (கிலோவாட் மணி என்பதும் நம்ம கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். இனி யூனிட் என்றே எழுதுகிறேன்.) இதைக் கண்டுபிடிக்க உள்ளிருந்து ரகசியத் தகவல் எதுவும் வேண்டாம், பிளஸ் டூ இயற்பியல் போதும். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் போகும் காரை இரண்டு விசைகள் பின்னால் இழுக்கின்றன, ஒன்று காற்று, இன்னொன்று டயர். காற்றின் இழுவை, காரின் வடிவத்தைக் குறிக்கும் ஒரு குணகத்தையும் முன்பக்கப் பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. குணகத்துக்கு 0.21 தான் இலக்கு என்று டெஸ்லா சொல்லியிருந்தது. முன்பக்கப் பரப்பைப் படங்களிலிருந்து எடுக்கலாம். சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் அதையே அளவுகோலாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடலாம் இல்லையா? சுமார் 2.2 சதுர மீட்டர் வரும். மணிக்கு 110 கிலோமீட்டரில் காற்று மட்டும் 260 நியூட்டன் அளவுக்கு இழுக்கும். ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,700 கிலோ என்று வைத்தால், டயர்கள் உருளும்போது வரும் எதிர்ப்பு ஒரு 150 நியூட்டன். மொத்தம் 410. இந்த விசைக்கு எதிராக ஒரு கிலோமீட்டர் நகர 114 வாட் மணி வேண்டும். மோட்டாரிலும் மின்னணுச் சுற்றுகளிலும் பத்து சதவீதம் வீணாகும் என்று எடுத்தால் 127. திரை, விளக்கு, கொஞ்சம் ஏசி எல்லாம் சேர்த்து 133 என்று வையுங்கள். அதை 346 கிலோமீட்டரால் பெருக்கினால் 46 யூனிட். முழுக்கக் காலி செய்யாமல் அடியில் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும். ஆக, 50-க்குப் பக்கத்தில்.

2017 ஆகஸ்டில் மஸ்க் முதலீட்டாளர்களிடம் சொன்ன எண் 50-க்குச் சற்று மேல்!

இத்தனைக்கும் கணக்கில் போட்ட சில எண்கள் தப்பு. கடைசியில் வந்த காரின் இழுவைக் குணகம் 0.23. பரவாயில்லை. ஒரு எண் கூடினால் இன்னொன்று குறைந்து சமன் செய்துகொள்ளும், விடை பெரிதாக நகராது. பேட்டரி எவ்வளவு என்று சொல்வது கம்பெனியின் விருப்பம். ஆனால் காற்று எவ்வளவு இழுக்கும் என்பது கம்பெனியின் கையில் இல்லை. அதனால்தான் இந்த வகை ஊகம் நிற்கிறது.

பெரிய பேட்டரி விஷயத்தில் இன்னும் சுவாரசியம். இந்த நீளக் காரில் 75 யூனிட்டுக்கு மேல் வைக்க முடியாது என்று மஸ்க் 2017 மார்ச்சில் சொல்லியிருந்தார். கார் வந்தபின் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் டெஸ்லா கொடுத்த ஆவணம் வெளியே வந்தது. அதில் பேட்டரியின் மின்னழுத்தம் 350 வோல்ட், கொள்ளளவு 230 ஆம்பியர் மணி. பெருக்கினால் 80.5 யூனிட். அப்போ 75 என்பது என்ன? செல்களின் மொத்தக் கொள்ளளவு வேறு, ஓட்டுபவர் பயன்படுத்தக் கிடைக்கும் அளவு வேறு. பின்னால் காரைப் பிரித்துப் பார்த்தவர்கள் எண்ணியது 4,416 செல்கள், 46 பக்க இணைப்பில், அப்படி 96 தொகுதிகள் தொடர் இணைப்பில். 230-ஐ 46-ஆல் வகுத்தால் செல்லுக்குச் சரியாக 5 ஆம்பியர் மணி. 350-ஐ 96-ஆல் வகுத்தால் 3.65 வோல்ட், லித்தியம் செல்லுக்கு இருக்க வேண்டிய அதே எண். இப்படி இரண்டு பக்கமிருந்தும் போட்ட கணக்கு நடுவில் வந்து சேரும்போது கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறதே, புரோகிராம் முதல் தடவையே ஓடின மாதிரி.

அதே ஆவணத்தில் இன்னொரு சங்கதி. சோதனை உருளையின் மேல் கார் ஓடிய தூரம் நகரச் சுழற்சியில் 495 மைல், நெடுஞ்சாலைச் சுழற்சியில் 454. இவற்றை 55-க்கு 45 என்ற விகிதத்தில் கலந்து, நிஜச் சாலைக்காக 0.7-ஆல் பெருக்க வேண்டும். 334 வரும். டெஸ்லா அறிவித்தது 310. தானாகவே குறைத்துக் கேட்டிருக்கிறது. சொன்னதைவிட அதிகம் ஓடும் கார் என்பது காத்திருந்தவர்களுக்கு இனிப்பான செய்தி.

சரி, சறுக்கியது எங்கே?

மோட்டாரில். டெஸ்லா அதுவரை விற்ற கார்களில் எல்லாம் இண்டக்‌ஷன் மோட்டார். இண்டக்‌ஷன் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கியவர் நிக்கோலா டெஸ்லா, கம்பெனியின் பெயரே அவருடையது. கம்பெனிச் சின்னமான அந்த எழுத்துகூட மோட்டாரின் குறுக்குவெட்டிலிருந்து வந்தது. அப்படிப்பட்டவர்கள் காந்தம் வைத்த மோட்டாருக்குப் போவார்களா? அரிய மண் தனிமங்களுக்காகச் சீனாவிடம் கையேந்துவார்களா? மாட்டார்கள் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். அந்த ஆகஸ்ட் ஆவணத்தில் நிரந்தரக் காந்த மோட்டார் என்று ஒரே வரியில் போட்டிருந்தது. சின்ன பேட்டரியில் அதிக தூரம் போக வேண்டுமென்றால் வீணாகும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலை உண்டு. அந்த இடத்தில் காந்த மோட்டார் ஜெயித்துவிடுகிறது. பேட்டரிக்கு இயற்பியலைப் பார்த்தவர்கள், மோட்டாருக்கு மட்டும் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டார்கள்.

கண்ணாடித் திரை விவகாரம் இதைவிட வேடிக்கை. விழாவில் காட்டிய மாதிரிக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டரே இல்லை, நடுவில் 15 அங்குலத் திரை மட்டும். சில நாள் கழித்து மஸ்க், நிஜமான ஸ்டியரிங் அமைப்பு விண்வெளிக் கப்பல் மாதிரி இருக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டார். போதாதா? முன் கண்ணாடி முழுக்க ஒளியில் வேகம் தெரியும், வழி தெரியும் என்று ஒரு வருஷம் படம் வரைந்து தள்ளினார்கள். 2017 மார்ச்சில் யாரோ நேரடியாகக் கேட்க, அப்படி எதுவும் கிடையாது என்று பதில் வந்தது. அதற்கப்புறமும் நம்பினவர்கள் உண்டு. கார் வந்தது, மாதிரிக் காரில் இருந்த அதே திரையோடு. கண் முன்னால் இருந்ததை நம்பியிருந்தாலே போதும்.

இந்த ஊகங்களால் கம்பெனிக்கும் தலைவலி. 3 என்றால் மாடல் எஸ்ஸுக்கு அடுத்த வெர்ஷன் என்று நிறைய பேர் நினைத்துவிட்டார்கள். வரப்போகிற பொருளைப் பற்றிய பேச்சே இருக்கிற பொருளின் விற்பனையைக் கொன்றுவிடும் என்பதற்கு, கம்ப்யூட்டர் துறையில் 1983-இல் திவாலான ஆஸ்போர்ன் கம்பெனியைக் காட்டுவார்கள். (அந்தக் கதை முழு உண்மையா என்பது தனிச் சண்டை.) 2017 மே மாதம் டெஸ்லா இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டது. மாடல் 3 சின்னது, மெதுவானது, வசதி குறைந்தது என்று தன் பொருளைத் தானே மட்டம் தட்டும் அட்டவணை.

இவையெல்லாம் தோற்றுப்போனால் யாருக்கும் பத்து பைசா நஷ்டமில்லை. விலையும் தேதியும் அப்படி இல்லை.

அமெரிக்காவில் அப்போது மின்சாரக் கார் வாங்கினால் மத்திய அரசின் வருமான வரியில் 7,500 டாலர் வரை கழிவு கிடைத்தது. ஆனால் அன்றைய விதிப்படி ஒரு கம்பெனி அந்த நாட்டில் 2 லட்சம் கார் விற்றுவிட்டால் கழிவு கரையத் தொடங்கிவிடும் என்று இருந்தது. எல்லை தொட்ட காலாண்டிலும் அதற்கடுத்த காலாண்டிலும் முழுத் தொகை, அப்புறம் ஆறு மாதம் பாதி, இன்னொரு ஆறு மாதம் கால். 35,000-த்தில் 7,500 போனால் 27,500. முன்பதிவு செய்த பலரின் மனக்கணக்கில் இருந்த விலை இதுதான். (கட்ட வேண்டிய வரியே 7,500-க்குக் குறைவாக இருந்தவருக்கு முழுக் கழிவு கிடைக்கவில்லை. மலிவான காருக்கு வரிசையில் நின்றவர்களைத்தான் இந்த விதி அதிகம் கடித்திருக்கும்.)

ஆகவே, என் வரிசை எண்ணுக்கு எப்போது கார் வரும், அதற்குள் 2 லட்சம் தாண்டிவிடுமா என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வி. இதற்கு மஸ்க் சொன்ன உற்பத்திக் கணக்கை நம்பியவர்கள் பாடு திண்டாட்டம். 2017 டிசம்பரில் மாதம் 20,000 கார் என்றார். அந்த வருடத்தின் கடைசி மூன்று மாதமும் சேர்த்து உற்பத்தியானது 2,425. வாரத்துக்கு 5,000 என்ற இலக்கை எட்டியபோது 2018 ஜூன் கடைசி, அதுவும் தொழிற்சாலைக்கு வெளியே கூடாரம் போட்டு.

இன்னொரு கூட்டம் அவர் பேச்சை விட்டுவிட்டு விதியைப் படித்தது. 2 லட்சமாவது கார் ஜூன் 30-இல் விற்றால் முழுக் கழிவு செப்டம்பர் வரைதான். ஜூலை 1-இல் விற்றால் டிசம்பர் வரை. ஒரு நாள் வித்தியாசத்தில் மூன்று மாதம்! அப்படியானால் ஜூனில் அமெரிக்க டெலிவரியை இழுத்துப் பிடித்து, கார்களைக் கனடாவுக்கு அனுப்புவார்கள் என்று மாதக்கணக்கில் முன்னமே எழுதினார்கள். சதிக் கோட்பாடு மாதிரி இருக்கும் படித்தால். ஜூன் முடிந்தபோது 11,166 மாடல் 3 கார்கள் வாடிக்கையாளர் கைக்குப் போகாமல் வழியில் இருந்தன. எல்லையைத் தொட்டது ஜூலையில். மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த ஊகம் இதுதான். இதைச் சொல்ல மஸ்க்கின் மனசைப் படிக்கத் தேவையில்லை, சட்டத்தில் ஒரு பத்தியைப் படித்தால் போதும்.

அந்தக் கழிவு நீண்டதால் லாபம் அடைந்தது யார் என்று பார்த்தால் கொஞ்சம் கசக்கும். முதலில் தயாரித்தது பெரிய பேட்டரிக் கார். 44,000 டாலர், அதோடு கட்டாயமாக 5,000 டாலர் வசதித் தொகுப்பு. 49,000 கொடுக்க முடிந்தவருக்கு 7,500 தள்ளுபடி கிடைத்தது. 35,000 டாலர் கார் விற்பனைக்கு வந்ததாக அறிவித்தது 2019 பிப்ரவரி 28 அன்று. கழிவு அதற்குள் 3,750 ஆகிவிட்டது, ஜூலையில் 1,875. பேட்டரியைத் துல்லியமாகச் சொன்ன ஆட்கள் இதை ஏன் கோட்டை விட்டார்கள்? விலையும் மேடையில் சொன்ன எண்தான், 215 மைலும் மேடையில் சொன்ன எண்தான். ஆனால் 215-ஐச் சரிபார்க்கக் காற்று இருந்தது. 35,000-த்தை எதை வைத்துச் சரிபார்ப்பது? எந்தக் கம்பெனியும் லாபம் அதிகம் வரும் காரைத்தான் முதலில் செய்யும் என்ற பொதுப் புத்தி ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னவர்களுக்கு அப்போது நல்ல பெயர் இல்லை.

இந்தியாவிலிருந்து பணம் கட்டியவர்கள் கதை தனி. டெஸ்லா இங்கே கடை திறந்தது 2025 ஜூலையில், மும்பையில். விற்பனைக்கு வைத்தது மாடல் ஒய். அந்த 35,000 டாலர் காரோ, அறிவித்து ஆறு வாரத்தில் இணையப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. வேண்டும் என்பவர்கள் ஃபோன் பண்ணியோ கடைக்கு நேரில் போயோ கேட்டு வாங்க வேண்டியிருந்தது.