ஜீப் வண்டிக்கேற்ற காற்றடிக்கும் பொறி

ஜெய்சால்மரை அடுத்த மணற்குன்றுகளில் செல்லும் ஜீப் வண்டிகளின் டயர்களில் காற்றைக் குறைப்பது வழக்கம். அதனால் டயர் அகன்று, மணலிற் புதையாது செல்கின்றது. ஆனால் தார்ச்சாலையை அடைந்ததும் காற்றை நிரப்பாது விரைந்தால், டயர் சூடேறி வெடிக்கக்கூடும். ஆகவே கம்ப்ரெஸர் எனப்படும் காற்றடிக்கும் பொறி வண்டியில் இருத்தல் இன்றியமையாதது.

வாங்குவோர் பலர் பொறியின் உச்ச அழுத்தத்தையே நோக்குவர், அது போதாது. 60 லிட்டர் கொள்ளளவுள்ள டயரின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டிலிருந்து 30 பவுண்டாக உயர்த்த, ஏறத்தாழ 60 லிட்டர் வெளிக்காற்று தேவை. நான்கு டயர்களுக்கு 240 லிட்டர். நிமிடத்திற்கு 10 லிட்டர் தரும் பொறி இதற்கு 24 நிமிடம் உழைக்கவேண்டும். 40 லிட்டர் தருவதற்கு 6 நிமிடம் போதும். பெரிய பொறி மிகுந்த மின்சாரத்தை இழுக்குமாதலால், அதனைத் தக்க ஃபியூஸுடன் பாட்டரியிலேயே இணைத்தல் வேண்டும்.

எனவே, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர், ஓய்வின்றி எத்தனை நிமிடம் என்னும் இரண்டையும் கேட்டறிந்த பின்னரே பொறியை வாங்குக.