உங்களுக்குத் தெரியுமா? முதியோர் கவனிப்பில் இத்தனை படிகள்!

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறில் எத்தனையை ஒரு முதியவர் தானே செய்கிறார் என்பதே கவனிப்பின் அளவைச் சொல்லும், வயது அல்ல. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்ட அளவுகோல் இது. பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல். கடைசிவரை நிற்பது சாப்பிடுவது. அப்பா குளிக்கச் சோம்பல்படுகிறார் என்று கடிந்துகொள்ளும் முன், வாளிக்குக் குனிந்து தண்ணீர் மொள்ள அவரால் முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

லண்டனில் ஏழைகள் விடுதி ஒன்றின் நோயாளிகள் 714 பேரை 1935இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை ஏற்றது. பலர் ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கை. டாக்டர் மார்ஜரி வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். நடமாடுபவர், படுக்கையில் இருந்தாலும் சிறுநீரை அடக்கக்கூடியவர், அடக்க முடியாதவர், மனக்குழப்பம் உள்ளவர் என்று வகை பிரித்து, அதற்கேற்ற கவனிப்பும் பயிற்சியும் கொடுத்தார். பலர் எழுந்து நடந்தார்கள், வீடு திரும்பினார்கள். அவர்களில் பலரை முடக்கியிருந்தது நோய் அல்ல, வருடக்கணக்காகப் படுக்கவே வைத்திருந்ததுதான். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

ஜப்பானில் 40 வயதானாலே பராமரிப்புக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டவேண்டும். 2000 ஏப்ரலில் வந்த திட்டம். பராமரிப்பு வேண்டும் என்று விண்ணப்பித்தால், உள்ளாட்சி ஊழியர் வீட்டுக்கே வந்து 74 கேள்விகளைக் கொண்டு விசாரிப்பார். தேவை இருந்தால் ஏழு படிகளில் ஒன்று கிடைக்கும்: இரண்டு 'உதவி'ப் படிகள், ஐந்து 'பராமரிப்பு'ப் படிகள். அரசு ஆதரவுள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் புதிதாகச் சேரப் பொதுவாகப் பராமரிப்புப் படி மூன்றோ அதற்கு மேலோ இருக்கவேண்டும்.

இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் புறநோயாளிப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியது. டாக்டர் வி.எஸ். நடராஜனின் முயற்சி. கிண்டியில் 2024இல் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது.

படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. கருத்த தோலில் நிறம் தெரியாது. சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுத்தான் அறியவேண்டும். முதலில் பார்க்கவேண்டிய இடங்கள் இடுப்பின் பின்புறமும் குதிகாலும். அங்கே எண்ணெய் தேய்த்து அழுத்தாதீர்கள், உள்ளே சதை இன்னும் கெடும். பொதுவாக இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள். ஏர் பெட் வாங்கிவிட்டாலும் புரட்டுவதை நிறுத்தக்கூடாது.

ஏஜென்சியில் 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்புகிறவர் எல்லோரும் நர்ஸ் அல்ல. குளிப்பாட்ட, ஊட்டிவிட, டயப்பர் மாற்றப் பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். மூக்கில் குழாய் போடுவது, ஊசி, ஆழமான புண்ணுக்குக் கட்டு என்றால் பதிவு பெற்ற நர்ஸ்தான் வேண்டும். நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.