வியாபார ஆங்கிலத்தில் சின்னச் சொற்கள் செய்யும் பெரிய வேலை



நம்மில் பலர் பள்ளிப் படிப்போடு கல்லாவில் வந்து அமர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். ஆனாலும் ஆங்கிலம் இல்லாமல் நம் வியாபாரம் ஒரு நாளும் நடப்பதில்லை. மில்லின் விலைப்பட்டியல், லாரி ரசீது, வங்கிக் கடிதம், காசோலை, பாக்கெட்டின் மேல் உள்ள விவரம் என்று எல்லாவற்றிலும் ஆங்கிலம்தான். ஸ்டாக், ரேட், டெலிவரி, பேமெண்ட் போன்ற சொற்களில் நமக்குச் சங்கடம் இல்லை. அவை கடைப்பையனுக்கும் தெரியும். நம்மைக் கவிழ்ப்பவை இன், ஆன், அட், பை, ஃபார், ஃப்ரம் என்னும் சின்னஞ்சிறு சொற்களே. சரக்கு எப்போது வரும், பணத்துக்கு யார் பொறுப்பு, கணக்கு தீர்ந்ததா இல்லையா என்பதையெல்லாம் இவைதான் முடிவு செய்கின்றன. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நாலாயிரம் ரூபாய்ப் பாடம்

1986ஆம் ஆண்டு. கடைப் பொறுப்பை அப்பாவிடமிருந்து ஏற்ற புதிது. தீபாவளிக்கு 23 நாள் முன்பு இந்தூரில் ஒரு மில்லுக்கு 100 மூட்டை கடலைப்பருப்பு கேட்டுக் கடிதம் எழுதினேன். ‘15 நாட்களுக்குள் அனுப்பவும்’ என்பதை, ‘டெஸ்பாட்ச் இன் ஃபிஃப்டீன் டேஸ்’ என்று எழுதினேன். 15 நாள் என்பது கடைசிக் கெடு, ஒரு வாரத்திலேயே லோடு ஏற்றிவிடுவார்கள் என்பது என் எண்ணம். கடிதம் போய்ச் சேர 4 நாள் ஆயிற்று. அது கிடைத்ததிலிருந்து சரியாக 15ஆம் நாள் லோடு ஏற்றினார்கள். லாரி வர 6 நாள். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் சரக்கு என் வாசலில் வந்து நின்றது.

கோபத்தோடு எழுதினேன். ‘நீங்கள் கேட்டபடியேதான் அனுப்பினோம்’ என்று பணிவாகப் பதில் வந்தது. எங்கள் கடையில் சாமான் வாங்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு கடிதங்களையும் காட்டினேன். “அவர்கள் பேரில் தப்பில்லை தம்பி. ‘இன் ஃபிஃப்டீன் டேஸ்’ என்றால் பதினைந்து நாள் ஆகிற சமயத்தில் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். உனக்கு ‘உள்’ வேண்டுமானால் ‘வித்தின்’ என்று எழுதியிருக்க வேண்டும்” என்றார்.

பண்டிகை முடிந்ததும் விலை இறங்கிவிட்டது. மூட்டைக்கு 40 ரூபாய் வீதம் 4,000 ரூபாய் நஷ்டம். அதைவிடப் பெரிது, என் வாக்கை நம்பிக் காத்திருந்த சில்லறைக் கடைக்காரர்கள் கடைசி நேரத்தில் வேறு இடத்தில் அதிக விலைக்கு வாங்க நேர்ந்தது. அதில் ஒருவர் அதன் பிறகு என் கடைப்படி ஏறவே இல்லை.

நமக்குப் பின்னால், அவர்களுக்கு முன்னால்

அந்த ஆசிரியரே பிறகு விளக்கினார். தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். கடையில், கடைக்கு, கடையிலிருந்து என்கிறோம். ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாகப் பெயருக்கு முன்னால் நிற்கும். ‘இன் த ஷாப்’, ‘டு த ஷாப்’, ‘ஃப்ரம் த ஷாப்’ என்பார்கள். இடம் மாறியது மட்டுமானால் சுலபம். நம்முடைய ‘இல்’ ஒன்று செய்யும் வேலையை அங்கே மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

மணிக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் வருடத்துக்கும் ‘இன்’. அட் டென் ஓ கிளாக், ஆன் மண்டே, இன் ஜூன். இடத்துக்கும் இதே போல்தான். வாசலில் நிற்கும் லாரி ‘அட் த கேட்’, அலமாரித் தட்டில் உள்ள டப்பா ‘ஆன் த ஷெல்ஃப்’, கிட்டங்கிக்குள் உள்ள மூட்டை ‘இன் த குடோன்’. ஒரு புள்ளி என்றால் அட், மேற்பரப்பு என்றால் ஆன், சுற்றி அடைப்பு இருந்தால் இன் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டலாம். மீதிப் பாதிக்கு விதி கிடையாது. சொற்றொடரை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

கெடு சொல்லும் சொற்கள்

‘பை சாட்டர்டே’ என்றால் சனிக்கிழமைக்குள். முன்னதாக எந்த நாளிலும் முடிக்கலாம், சனி தாண்டக் கூடாது. ‘டில் சாட்டர்டே’ என்றால் சனிக்கிழமை வரை தொடர்ந்து. பணம் சனிக்குள் வர வேண்டுமானால் ‘பை’. தள்ளுபடி சனி வரை உண்டு என்றால் ‘டில்’. நாம் பேச்சில் இரண்டுக்கும் ‘சனிக்கிழமை வரைக்கும்’ என்று சொல்லிவிடுவதால் எழுதும்போதும் தடுமாறுகிறோம்.

‘ஃப்ரம்’ என்பதில் இன்னொரு கணக்கு உண்டு. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் 9ஆம் பிரிவின்படி, மத்தியச் சட்டங்களில் ‘ஃப்ரம்’ என்று போட்டால் முதல் நாள் கணக்கில் சேராது. ‘டு’ என்று போட்டால் கடைசி நாள் சேரும். காசோலை திரும்பிய வழக்குகளில் இது உயிர்நாடி. வங்கித் தகவல் கிடைத்து 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் அதன் பின் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தச் சட்டத்தில் சில இடங்களில் ‘ஃப்ரம்’ என்பதற்குப் பதில் ‘ஆஃப்’ என்று இருக்கிறது. ‘ஆஃப்’ என்றால் முதல் நாளும் சேருமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், இரண்டுக்கும் கணக்கு ஒன்றே, முதல் நாள் சேராது என்று 2013இல்தான் மூன்று நீதிபதிகள் தீர்த்து வைத்தார்கள். இரண்டெழுத்துச் சொல் என்று அலட்சியம் செய்யலாமா?

பணம் சொல்லும் சொற்கள்

பாக்கி 20,000 இருக்கும்போது பார்ட்டி 12,000 தருகிறார். ரசீதில் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று எழுதினால் கணக்கில் வரவு, மீதி நிற்கிறது என்று பொருள். ‘இன் ஃபுல் செட்டில்மெண்ட்’ என்று எழுதினால் கணக்கு பைசல். காசோலையோடு வரும் கடிதத்தில் இந்த இரண்டாவது வாசகம் இருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். பேசாமல் வரவு வைத்துவிட்டுப் பிறகு பாக்கி கேட்டால் வம்புதான்.

புரோநோட்டில் ‘ஆன் டிமாண்ட்’ என்றால் கேட்டவுடன் தர வேண்டியது. ‘அட் சைட்’ என்றாலும் அதே பொருள்தான் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமே சொல்கிறது. நாம் கேட்கிற நாளிலிருந்துதான் காலவரம்பு ஓடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆன் டிமாண்ட் நோட்டுக்கு 3 வருடக் கெடு நோட்டின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்தது ‘ஃபார்’. கம்பெனி பெயருக்கு முன்னால் ‘ஃபார்’ என்று போட்டு அதன் கீழ் கையெழுத்திடுவது வெறும் அலங்காரம் அல்ல. ‘இவர்களுக்காக நான் கையெழுத்திடுகிறேன்’ என்று அறிவிப்பது அது. பிறருக்காகக் கையெழுத்திடுகிறவர் அதைக் குறிப்பிடாமல் காசோலையிலோ புரோநோட்டிலோ தம் பெயரை மட்டும் போட்டால், பொதுவாக அந்தப் பணத்துக்கு அவரே சொந்தப் பொறுப்பு என்பது அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு. கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடும் மேனேஜர்களும் பிள்ளைகளும் இதை மறக்கக் கூடாது.

ரசீதிலும் பாக்கெட்டிலும்

லாரி ரசீதில் ‘அட் ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று அச்சடித்திருக்கும். நாம் ஓனர் என்றால் லாரி முதலாளி என்றே நினைப்போம். அங்கே ஓனர் சரக்குக்குச் சொந்தக்காரர், அதாவது நாம்தான். வழியில் நனைந்தால் இழப்பை நம் தலையில் வைக்கப் பார்க்கும் வாசகம் அது. ஆகவே இன்ஷூரன்ஸ் இல்லாமல் லோடு எடுக்காதீர்கள்.

பாக்கெட்டில் இரண்டு ‘பை’ வரும். ‘பேக்டு பை’ என்பதில் ‘பை’ யார் கட்டினார் என்று சொல்கிறது. ‘யூஸ் பை’ என்பதில் அதே ‘பை’ எந்தத் தேதிக்குள் என்று சொல்கிறது. அந்தத் தேதி தாண்டிய சரக்கை விற்கக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரம் குறையாமல் இருக்கும் காலத்தைச் சொல்வது. எதுவானாலும் தட்டில் பழைய சரக்கை முன்னால் தள்ளி, புதியதைப் பின்னால் வையுங்கள்.

முடிவாக மூன்று வார்த்தை

ஒன்று, கல்லாப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, வரும் கடிதங்களில் இத்தகைய சொற்றொடர்களைக் கண்டால் முழுசாக எழுதி வையுங்கள். ‘ஆன்’ மட்டும் எழுதினால் பயனில்லை. ‘ஆன் அக்கவுண்ட்’ என்று எழுதுங்கள். இரண்டு, கெடு வைக்கும்போது நாள் எண்ணிக்கை சொல்லாதீர்கள். இன்ன தேதிக்குள் என்று தேதியையே போடுங்கள். இன்று ஆர்டர் எல்லாம் செல்போன் செய்தியில் போகிறது. அதுவும் எழுத்துதான். மூன்று, கையெழுத்துப் போடுமுன் பெரிய எழுத்தைப் படித்தது போதாது, சின்னச் சொற்களையும் விரல் வைத்துப் படியுங்கள்.

இப்போது கடையை என் மகன் பார்க்கிறான். அவன் அனுப்பும் ஒவ்வொரு ஆர்டரிலும் ‘வித்தின்’ இருக்கிறதா என்று இன்றும் நான் ஒரு முறை பார்த்துவிடுவேன். அவன் சிரிப்பான். அந்தப் படி ஏறாமல் போன வாடிக்கையாளரை அவன் பார்த்ததில்லை.